பெயர் பொறிக்காத துப்பாக்கி

கலியாண வீட்டிலே பந்தி முடிந்து, இரவல் வாங்கிய பாத்திரங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் வேளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிடாரங்களும் வாளிகளும் தாம்பாளங்களும் செம்புகளும் முற்றத்திலே குவிந்து கிடக்கும். விளிம்பிலே பெயரின் முதலெழுத்து வெட்டப்பட்டவை விரைவில் வீடு போய்ச் சேர்ந்துவிடும். பெயரில்லாத பாத்திரம் கைக்கு வரும்போதுதான் வழக்கு ஆரம்பமாகும். “இது எங்களுடையது” என்று இரு வீட்டார் கூறுவர். அவ்வேளையில் திண்ணையில் இருந்த ஆச்சி ஒருவர் எழுந்து வந்து, பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்து, “அடியிலே ஒட்டுப் போட்டிருக்குது பார், இது வடக்கு வீட்டுக் கிடாரம்” என்று தீர்ப்புக் கூறுவார். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

பெயர் பொறித்த பாத்திரம் எப்பொழுதும் உண்மையே பேசும் என்றும் கூற இயலாது. சீதனமாக வந்த செம்பிலே மாமனாரின் எழுத்து இருக்கும். ஈடு வைத்து மீளாத குத்துவிளக்கிலே முன்னைய உரிமையாளரின் பெயர் இருக்கும். எழுத்தை மாத்திரம் நம்பியவர் பிழையான வீட்டுக்குப் போவார். ஒட்டை அறிந்தவரே சரியான படலையைத் திறப்பார்.

இந்த ஆச்சியின் முறையைக் கொண்டு அமெரிக்க வரலாற்றிலே நெடுங்காலம் விளங்காதிருந்த ஒரு கேள்விக்கு அறிஞர்கள் விடை தேடியிருக்கிறார்கள். கேள்வி ஒரு காற்றுத் துப்பாக்கியைப் பற்றியது. துப்பாக்கி இருந்தது என்பதில் ஐயமில்லை. அதைச் செய்தவர் யார், அது எவ்வகையானது என்பதே தெரியாதிருந்தது. விடை தேடிய கதை துப்பாக்கியிலும் பார்க்கச் சுவையானது. மாணவர்க்கு அது ஒரு பாடமாகவும் அமையும் என்பதனாலேயே இங்கு கூறத் துணிந்தோம்.

ஆற்றுத் தீவில் நேர்ந்த விபத்து

1803 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கேயுள்ள பெரும் நிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியது. அந்நிலத்தை ஆராய்ந்து, பசுபிக் கடல் வரை வழி காணுமாறு சனாதிபதி தோமஸ் ஜெபர்சன் தம்முடைய அந்தரங்கச் செயலாளராயிருந்த மெரிவெதர் லூயிஸ் என்பவரை அனுப்பினார். லூயிஸ் தம் நண்பர் வில்லியம் கிளார்க்கைத் துணைத் தலைவராக்கிக்கொண்டார். 1804 மே மாதத்தில் மிசூரி ஆற்றின் வழியே புறப்பட்ட இக்குழுவினர், 1805 நவம்பரிலே பசுபிக் கடலைக் கண்டு, 1806 செப்டெம்பரிலே சென் லூயி நகருக்கு மீண்டனர்.

சென்ற வழியெல்லாம் அவர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்புகளிலே லூயிஸின் காற்றுத் துப்பாக்கி பல இடங்களில் இடம்பெறுகின்றது. முதற் குறிப்பே ஒரு விபத்தைப் பற்றியது. 1803 ஆகஸ்ட் மாத இறுதியில், பிற்ஸ்பேர்க் நகரை விட்டுப் படகில் புறப்பட்ட லூயிஸ், ஒஹாயோ ஆற்றிலுள்ள புரூனோ தீவில் இறங்கினார். அங்கு கூடியிருந்த கனவான்கள் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டும்படி கேட்டனர். 55 யார் தூரத்துக்கு ஏழு முறை சுட்டுக் காட்டினார். பின்னர் அதனைக் கையில் வாங்கிப் பார்த்த ஒருவர், அதன் இயல்பை அறியாதவராகையால், தற்செயலாக வெடிக்கவைத்துவிட்டார். ஏறத்தாழ 40 யார் தூரத்தில் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்துக்கொண்டு குண்டு அவள் நெற்றிப்பொட்டைக் கீறிச் சென்றது. இரத்தம் பெருக அவள் விழுந்தாள். இறந்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தனர். சற்று நேரத்தில் அவள் உணர்வு பெற்று எழுந்ததும்தான் யாவர்க்கும் உயிர் வந்தது.

இவ்வளவு விவரமாக எழுதிய லூயிஸ், அத்துப்பாக்கியைச் செய்தவர் பெயரை எங்கும் எழுதவில்லை. பயணத்துக்கு வேண்டிய பொருள்களை வாங்கிய கணக்குகளிலும் அது காணப்படவில்லை. கையிலிருக்கும் பொருளை எவரும் தமக்குத் தாமே விவரித்து எழுதுவதில்லையன்றோ! நாம் நாள்தோறும் ஏறிச் செல்லும் சைக்கிளைச் செய்தவர் யார் என்று நாமும் கடிதங்களில் எழுதுவதில்லை.

காற்று எவ்வாறு குண்டை எறிகின்றது?

காற்றுத் துப்பாக்கி என்றதும் காகம் ஓட்டும் விளையாட்டுத் துவக்கு என்று பலர் எண்ணக்கூடும். அக்காலத்துக் காற்றுத் துப்பாக்கி அத்தகையதன்று. மானை வீழ்த்தும் வலிமை அதற்கு உண்டு.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பியின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அமுக்கிப் பார்த்த சிறுவனுக்கு இதன் தத்துவம் தெரியும். அமுக்க அமுக்கக் காற்று எதிர்த்துத் தள்ளும். விரலை எடுத்ததும் சீறிக்கொண்டு வெளியேறும். காற்றின் கனவளவு குறையக் குறைய அதன் அமுக்கம் கூடும் என்ற விதியை ரொபேட் பொயில் 1662 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அந்த விதியே இத்துப்பாக்கியின் உயிர்நாடி. இரும்பினாலான ஒரு கலத்திலே காற்றைத் திணித்து வைப்பர். விசையை இழுத்ததும் உருக்கு வில்லொன்று சுத்தியலைத் தள்ளும். சுத்தியல் கலத்தின் வால்வை ஒரு கணம் திறந்து மூடச் செய்யும். அந்தக் கணத்தில் வெளியேறும் காற்று குண்டைக் குழாய் வழியே எறியும்.

வெடிமருந்து வேண்டியதில்லை, ஆகவே மழையில் நனைந்து கெடும் அச்சமில்லை. புகை எழாது. பேரொலியும் இல்லை. ஆனால் இத்தனை நன்மைக்கும் விலை உண்டு. கலத்தின் பொருத்துகள் சிறிது தளர்ந்தாலும் காற்றுக் கசிந்துவிடும். வால்வும் வில்லும் நுட்பமானவை; பழுதானால் அவற்றைத் திருத்தக் கைதேர்ந்த தொழிலாளி வேண்டும். இந்தக் குறைபாடு பின்னர் எமக்குப் பெருந்துணையாக வரப்போகின்றது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஏலப் பட்டியல் காட்டிய வழி

லூயிஸின் துப்பாக்கியைச் செய்தவர் யார் என்பதற்கு முதலிற் கிடைத்த சான்று ஓர் ஏலப் பட்டியல். பிலடெல்பியா நகரிலே ஐசாயா லூக்கன்ஸ் என்ற புகழ்பெற்ற மணிக்கூட்டுத் தொழிலாளி வாழ்ந்தார். காற்றுத் துப்பாக்கி செய்வதிலும் அவர் வல்லவர். 1846 ஆம் ஆண்டில் அவர் காலமானபின் அவருடைய கருவிகளும் பொருள்களும் ஏலத்துக்கு விடப்பட்டன. அப்பொழுது அச்சிட்ட பட்டியலில், காற்றுத் துப்பாக்கிகளின் வரிசையிலே, லூயிஸுக்கும் கிளார்க்குக்கும் செய்யப்பட்டு அவர்களுடைய ஆராய்ச்சிப் பயணத்தில் உபயோகிக்கப்பட்டது என்ற கருத்துப்பட ஒரு பொருள் குறிப்பிடப்பட்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டிலே இப்பட்டியலைக் கண்டெடுத்தவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. லூயிஸ் பயணத்துக்கு ஆயத்தமான நகரம் பிலடெல்பியா. லூக்கன்ஸ் அப்பகுதியைச் சேர்ந்தவர். அவர் செய்த துப்பாக்கிகளும் சில எஞ்சியிருந்தன. அவை ஒரு முறைக்கு ஒரு குண்டு மாத்திரம் இட்டுச் சுடத்தக்கவை. காற்றுக் கலம் துப்பாக்கியின் பின்கட்டையாகவே அமைந்திருக்கும். எல்லாம் பொருந்தி வந்தமையால், லூயிஸின் துப்பாக்கி லூக்கன்ஸின் கைவண்ணமே என்ற கருத்து நிலைபெற்றது. அத்தகைய துப்பாக்கி ஒன்று வேர்ஜீனியா இராணுவக் கல்லூரியின் அரும்பொருட்சாலையிலே லூயிஸின் பெயரோடு சேர்த்துப் பேசப்படலாயிற்று.

ஆயினும் ஒரு விடயத்தை நாம் கவனித்தல் வேண்டும். பயணம் முடிந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், பொருளை விற்க விரும்பியவர்கள் அச்சிட்ட வரி அது. 1779 இலே பிறந்த லூக்கன்ஸுக்கு, லூயிஸ் பயணம் புறப்பட்ட ஆண்டில் வயது 24 மாத்திரமே. இவை அப்பட்டியலைப் பொய்யென்று காட்டமாட்டா. ஆனால் முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றக் கூடாது என்று எச்சரிக்கின்றன. செம்பிலே வெட்டிய எழுத்தைப் போன்றது அது. எழுத்து உண்டு, எழுதியவர் எப்பொழுது, எதற்காக எழுதினார் என்ற கேள்வியும் உண்டு.

கண்டவர் எழுதிய குறிப்பு

புரூனோ தீவு விபத்து நடந்து சில நாள்களில், 1803 செப்டெம்பரிலே, ஒஹாயோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங் என்ற ஊரில் தோமஸ் ரொட்னி என்பவர் லூயிஸைச் சந்தித்தார். ரொட்னி டெலவெயரைச் சேர்ந்தவர். மிசிசிப்பிப் பிரதேசத்திலே நீதிபதியாகப் பதவியேற்கச் சென்றுகொண்டிருந்தார். லூயிஸின் படகுக்குச் சென்ற அவர் காற்றுத் துப்பாக்கியைக் கண்டு, அன்றைய நாட்குறிப்பில் அதனைப் பற்றி எழுதினார். லூயிஸின் நாட்குறிப்பு நெடுங்காலமாகப் பலர் கையிலும் இருக்க, ரொட்னியின் பயணக் குறிப்பு 1997 ஆம் ஆண்டிலேதான் தனி நூலாக வெளிவந்தது.

ரொட்னி கண்டது இது: ஒரு முறை காற்றேற்றினால் துப்பாக்கி 22 முறை சுடும் என்று கூறப்பட்டது. லூயிஸ் 12 குண்டுகளை இட்டு ஒவ்வொன்றாகச் சுட முயன்றார்; முதற் குண்டோடு காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. மீண்டும் காற்றேற்றினார், இரண்டு முறை சுட்டது. குறையைக் கண்டு ஓரளவு திருத்தியபின் ஏழு முறை சுட்டது. குண்டுகள் யாவும் ஒருங்கே பக்கத்திலுள்ள சிறு குழாயில் இடப்படுகின்றன. ஒரு வில்லை நகர்த்தியதும் ஒவ்வொரு குண்டாகச் சுடும் அறையில் விழுகின்றது. விசையை இழுக்கும்போது, பின்கட்டையாக அமைந்த காற்றுப் பையிலிருந்து ஒரு குண்டுக்கு வேண்டிய காற்று மாத்திரம் வெளியேறுகின்றது.

இக்குறிப்பின் சிறப்பு அதன் வெகுளித்தனம். ரொட்னிக்கு விற்கவேண்டிய துப்பாக்கி இல்லை. நிறுவவேண்டிய கட்சியும் இல்லை. சோதனை தோல்வியடைந்ததையும் அவர் மறைக்கவில்லை. கண்ட அன்றே, கண்டதை, கண்டவாறு எழுதினார்.

இனி, இக்குறிப்பில் எந்தப் பகுதி எமக்கு உதவுகின்றது என்று பார்ப்போம். கலம் பின்கட்டையாக இருந்தது என்பது உதவாது. லூக்கன்ஸின் துப்பாக்கியிலும் அது அவ்வாறே. ஏழு முறை சுட்டது என்பதும் உதவாது. ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியையும் மீண்டும் மீண்டும் குண்டிட்டு ஒரே காற்றில் பல முறை சுடலாம். ஆனால் பக்கக் குழாயும், அதில் ஒருங்கே இட்ட குண்டுகளும், அவற்றை ஒவ்வொன்றாக விடும் வில்லும் லூக்கன்ஸின் துப்பாக்கியில் இல்லை. பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்தினாலும் உயிர்ப்பொருத்தம் இல்லாத சாதகம் போல அக்கட்சி தளர்ந்தது.

பக்கக் குழாய் உடைய துப்பாக்கி ஒன்று அக்காலத்தில் உண்டா? உண்டு. வியன்னா நகரில் தொழில் செய்த பார்த்தலோமியஸ் ஜிராடோனி என்பவர் அமைத்த துப்பாக்கியை ஒஸ்திரியா அரசு 1780 ஆம் ஆண்டளவில் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டமுடைய ஈயக் குண்டுகள் இருபதுக்குக் குறையாமல் அதன் பக்கக் குழாயில் அடங்கும். வாயை மேல்நோக்கி உயர்த்தி, குறுக்கே அமைந்த ஒரு துண்டைப் பெருவிரலால் தள்ளினால் அடுத்த குண்டு சுடும் நிலைக்கு வரும். நிறை ஏறத்தாழ 10 இறாத்தல். பின்கட்டைக் கலத்தில் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 800 இறாத்தல். அதாவது எம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அமுக்கத்தைப் போல 50 மடங்குக்கும் அதிகம். கலத்தை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை பம்பியை அடிக்கவேண்டும். ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு இடிக்கவேண்டிய துப்பாக்கிகளே எங்கும் வழங்கிய காலத்தில், இது ஒரு நிமிடத்துக்குள் இருபது குண்டு சுட்டது. நுட்பம் மிகுந்தமையால் பழுதும் மிகுந்தது. படையிலே நெடுங்காலம் நீடிக்கவில்லை.

ரொட்னியின் குறிப்பை ஒரு கையிலும் ஜிராடோனியின் துப்பாக்கியை மறு கையிலும் வைத்துப் பார்த்தவர்க்கு, அவர் அதனையே பார்த்து எழுதியது போலத் தோன்றிற்று.

கண்முன்னே இருந்த சொல்

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. லூயிஸ் 1806 சனவரியில், பசுபிக் கரையோரத்துக் கிளற்சொப் கோட்டையில் தங்கியிருந்தபோது, தம் துப்பாக்கி அங்குள்ள பழங்குடி மக்களை வியப்பில் ஆழ்த்துகின்றது என்று எழுதினார். வெடிமருந்தின்றி அது சுடுவது மாத்திரமன்று, அத்தனை முறை சுடுவதும் அவர்களுக்கு விளங்கவில்லை என்பது அவர் குறிப்பு. அந்த நாட்குறிப்புகள் 1904, 1905 ஆம் ஆண்டுகளிலே முழுமையாக அச்சேறிவிட்டன. நூறாண்டுக் காலம் எத்தனையோ அறிஞர்கள் அந்த வரியை வாசித்தார்கள். “அத்தனை முறை” என்ற சொல்லின்மேல் கண் நிலைக்கவில்லை. ரொட்னியின் குறிப்பு வெளிச்சம் தந்தபின்னரே அச்சொல் ஒளிவிட்டது. பரீட்சை வினாத்தாளை நன்கு வாசியாமல் விடை எழுதும் மாணவரைக் கண்டிக்கும் எம் போன்றோர்க்கும் இது ஒரு கண்டனமே.

பழுது கூறிய சாட்சியம்

இதுவரை கூறியது எவ்வகைத் துப்பாக்கி என்பது. எஞ்சியிருக்கும் துப்பாக்கிகளுள் லூயிஸ் கையில் ஏந்தியது எது என்பது வேறு கேள்வி, கடினமான கேள்வி.

அமெரிக்காவிலே ரொபேட் பீமன் என்பவர் காற்றுத் துப்பாக்கி ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர். விலங்கியல் கற்றவர், மனைவியாரோடு சேர்ந்து காற்றுத் துப்பாக்கி வணிகமும் நடத்தியவர். லூக்கன்ஸ் கட்சியை ஆதரித்து முன்னர் எழுதியவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய சேகரிப்பில் ஜிராடோனி வகைத் துப்பாக்கி ஒன்று இருந்தது. இது லூயிஸுடையது என்று அதில் எவரும் பொறித்திருக்கவில்லை. அத்துப்பாக்கியைப் போல ஒன்றைச் செய்ய விரும்பிய இரு கைவினைஞர்கள் 2004 ஆம் ஆண்டளவில் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி அளந்தார்கள். கழற்றியபோது உள்ளே ஒரு வியப்புக் காத்திருந்தது.

அதன் பிரதான வில் ஆதியில் இருந்த வில் அன்று. லாடம் அடிப்பவர் உபயோகிக்கும் அரமொன்றைக் காய்ச்சி அடித்து அந்த வில் செய்யப்பட்டிருந்தது என்று அவர்கள் கண்டார்கள். வியன்னாவின் நேர்த்தியான தொழிற்சாலை வேலைக்கு நடுவே ஒரு நாட்டுப்புறக் கொல்லனின் கைவேலை!

அரத்தை ஏன் எடுக்கவேண்டும்? அரம் நல்ல உருக்கினால் ஆனது. அதனை நெருப்பிலிட்டு மென்மையாக்கி, வேண்டியவாறு அடித்து வளைத்து, மீண்டும் சூடாக்கித் தோய்த்துப் பதம் பார்த்து எடுத்தால் துள்ளும் வில்லாகும். கடைத்தெரு இல்லாத இடத்தில் கொல்லன் கையிலுள்ள நல்ல உருக்கு அவனுடைய அரமே. எம்மூர்க் கொல்லரும் தேய்ந்த அரத்தை எறிவதில்லை, கத்தியாக்கிவிடுவர்.

இப்பொழுது நாட்குறிப்பைத் திறப்போம். 1805 சூன் 10 ஆந் தேதி, மிசூரி ஆற்றின் மேற்பகுதியில் முகாமிட்டிருந்தபோது, ஷீல்ட்ஸ் தம் காற்றுத் துப்பாக்கியின் பிரதான வில்லைப் புதிதாக்கிக் கொடுத்தார் என்று லூயிஸ் எழுதியிருக்கிறார். ஜோன் ஷீல்ட்ஸ் குழுவின் கொல்லர். எந்தத் தொழிலையும் எவரிடமும் முறையாகப் பயிலாதவர். தமக்கு வேண்டிய கருவிகளையும் தாமே பெரும்பாலும் செய்துகொள்பவர். மரத்திலும் உலோகத்திலும் சிறந்த வேலைக்காரர் என்று லூயிஸ் அங்கேயே அவரை மெச்சியிருக்கிறார். முந்திய மாரிகாலத்திலே மண்டான் மக்களுக்குப் போர்க்கோடரிகள் அடித்துக் கொடுத்துக் குழுவினர் சோளம் பெற்றபோது, உலைக்களத்தில் நின்றவரும் இவரே. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், துப்பாக்கியின் குறிமுனை ஏதோ விபத்தில் விலகிவிட்டதையும் லூயிஸ் குறித்துள்ளார்.

ஒரு பழுதைப் பற்றிய வரி நூலிலே இருக்கின்றது. அதே பழுதின் தழும்பு பொருளிலே இருக்கின்றது. பீமன் தம் பழைய கருத்தைக் கைவிட்டார். தாம் எழுதியதைத் தாமே மறுத்து, லூயிஸின் துப்பாக்கி ஜிராடோனி வகையானது என்றும், தம்மிடமுள்ளதே அதுவாக இருத்தல் கூடும் என்றும் எழுதினார். பின்னர் அத்துப்பாக்கியைப் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரிலுள்ள அமெரிக்க இராணுவக் கல்லூரிக்கு வழங்கினார்.

ஐயமும் வேண்டும்

இத்துடன் வழக்கு முடிந்தது என்று கூறலாமா? கூறலாகாது. பிரதான வில் முறிவது காற்றுத் துப்பாக்கிக்கு மாத்திரமன்று, எத்துப்பாக்கிக்கும் பொதுவான நோய். அரத்திலிருந்து வில் செய்வது ஷீல்ட்ஸ் ஒருவர் மாத்திரம் அறிந்த வித்தையன்று. வேறொரு ஜிராடோனித் துப்பாக்கி வேறொரு காட்டிலே முறிந்து, வேறொரு கொல்லனிடம் போயிருக்கலாம். லூயிஸிடமிருந்து பீமன் வரை அது கைமாறி வந்ததைக் காட்டும் உறுதி முறி எதுவும் கிடைக்கவில்லை. வியன்னாவின் படைக்கலம் லூயிஸிடம் வந்து சேர்ந்த வழியைக் கூறும் ஆவணமும் இல்லை.

ஆகவே முடிவை இரண்டு படியாகக் கூறுவதே முறை. லூயிஸின் துப்பாக்கி பல குண்டுகளை ஒருங்கே ஏற்ற வகையைச் சேர்ந்தது என்பது ரொட்னியின் கண்கண்ட சாட்சியத்தால் வலுவாக நிற்கின்றது. இன்று காட்டப்படும் துப்பாக்கியே அது என்பது நிகழக்கூடியது, நம்பவும் இனியது, நிறுவப்பட்டதன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலப்பவர் ஏலப் பட்டியலை நம்பியவர் செய்த பிழையையே வேறு வடிவிற் செய்கிறார்.

இது வெறும் ஆயுதப் பிரியர்களின் வாதமும் அன்று. லூயிஸ் வழியில் சந்தித்த பழங்குடித் தலைவர்கள் முன் இத்துப்பாக்கியை அணிவகுப்போடு சுட்டுக் காட்டுவது வழக்கம். அவர்கள் கண்டது ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியா, புகையின்றி அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கியா என்பதைப் பொறுத்து அக்காட்சியின் பொருளே மாறும். குழுவிடம் இத்தகையது ஒன்றே உண்டு என்பதையும், அதனை நிரப்ப ஆயிரத்தைந்நூறு முறை பம்பி அடிக்கவேண்டும் என்பதையும் பார்த்தவர் அறியார். சிறு குழுவினர் பெரும் நிலத்தைக் கடந்து மீண்டதில் அந்த மயக்கத்துக்கும் பங்கு உண்டு என்று கருதுவோர் உளர். அந்தப் பயணத்தின் பின்னே குடியேறிகள் வந்தார்கள். பழங்குடியினர் நிலம் இழந்தார்கள். ஒரு பக்கக் குழாய் இருந்ததா இல்லையா என்ற சிறு கேள்விக்குள் இத்தனை பெரிய கதை ஒளிந்திருக்கின்றது.

எம் வீட்டிலும் பெயரில்லாப் பொருள்கள்

பெயரற்ற துப்பாக்கி ஒன்று கிடைத்தால் அறிந்தவர்கள் எவ்வாறு ஆராய்வர் என்பதையும் சுருக்கமாகக் கூறுவோம். முதலில், காற்று எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்பர்: முன்னரே திணித்த கலத்திலிருந்தா, சுடும் கணத்தில் வில்லொன்று ஆடுதண்டைத் தள்ளுவதாலா? அடுத்து, வேலைப்பாட்டைப் பார்ப்பர். தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்த பொருளில் வரிசை இலக்கம் இருக்கும்; உறுப்புகள் ஒரேயளவாக இருக்கும். பரீட்சார்த்தமாகச் செய்த முதற் பொருளில் இலக்கம் இராது. அரம் ஓடிய தடம் இருக்கும். ஓரிடத்தில் துளையிட்டுப் பின் மனம் மாறி அடைத்த அடையாளமும் இருக்கும். பின்னர் திருகாணிகளின் புரியை அளப்பர். ஜோசப் விற்வேர்த் 1841 ஆம் ஆண்டிலே பொது அளவொன்றை முன்மொழியும் வரை ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி புரி வெட்டிற்று. ஆகவே புரி, காலத்தையும் நாட்டையும் கூறும். கடைசியில், பதிவுசெய்த கண்டுபிடிப்புகளின் வரைபடங்களோடு ஒப்பிடுவர். பழைய கலத்தில் காற்றேற்றிப் பார்க்க மாத்திரம் முனையமாட்டார்கள். துருப்பிடித்த கலம் வெடித்துச் சிதறும். வெறுந் துப்பாக்கி என்று எண்ணிக் கையாள்வதும் தகாது. புரூனோ தீவுப் பெண்ணின் கதை அதற்குச் சான்று.

எம்மவர் வீடுகளில் துப்பாக்கி இராது, இராதிருப்பதே நன்று. ஆனால் பெயரில்லாப் பொருள்கள் இல்லாத வீடு உண்டா? எம் நாட்டிலே இடம்பெயர்ந்து மீண்ட குடும்பங்கள் பல. உறுதியும் சாதகமும் புகைப்படமும் அழிந்த வீட்டிலே ஒரு குத்துவிளக்கோ, பாக்குவெட்டியோ, ஏடு எழுதிய எழுத்தாணியோ எஞ்சியிருக்கும். அதனைச் செய்தவர் யார், பழுது பார்த்தவர் யார், கைப்பிடி மாற்றியது எந்த ஆண்டு என்பன வீட்டிலுள்ள முதியவர் ஒருவருக்கு மாத்திரம் தெரிந்திருக்கும். அவர் சென்றபின் பொருள் இருக்கும், சாட்சி இராது.

ரொட்னி செய்த வேலை பெரிய வேலையன்று. ஒரு மாலைப் பொழுதில், கண்டதைச் சில வரிகளில் எழுதினார். இருநூறு ஆண்டின்பின் அந்தச் சில வரிகள் ஒரு வழக்கைத் திருப்பின. இந்த ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் ஒரு பழைய கொப்பியை எடுத்துக்கொண்டு ஆச்சியின் பக்கத்தில் அமர்ந்து, அடுக்களைப் பரணிலுள்ள அந்தக் கிடாரத்தின் ஒட்டு எப்பொழுது, யார் போட்டது என்று கேட்டு எழுதுவார்களாக. திகதியையும் இட மறக்கவேண்டாம்.